புறப்பட்ட முதல் நாள்

நெடுந்தொலைவு சென்று மீண்டவர்கள் தாம் சேர்ந்த இடத்தின் பெருமையைப் பேசுவார்களேயன்றி, வீட்டைவிட்டுப் புறப்பட்ட முதல் நாளைப் பற்றிப் பேசுவது அரிது. பிரயாண நூல்களும் பெரும்பாலும் அப்படியே. ஆயினும் ஒரு பிரயாணத்தின் கடுமை முழுவதும் அதன் முதல் நாளிலேயே வந்து குவிந்துகொண்டது நம் காலத்தில்தான். அயல்நாடு செல்லும் ஆகாய விமானத்தில் ஏறி, பதினைந்து மணி நேரம் ஒரே இருக்கையில் அடைபட்டிருந்தவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். நம் முன்னோர் முதல் நாளை வேண்டுமென்றே சிறியதாக வைத்துக்கொண்டனர். அவ்வழக்கம் எவ்வாறு இருந்தது, எவ்வாறு நம் கையைவிட்டு நழுவிற்று என்பதையே இன்று சொல்லக் கருதுகிறேன்.

இதற்குச் சித்தூரையும் திருப்பதியையும் நிலைக்களமாகக் கொள்கிறேன். சென்னையிலிருந்து வடமேற்கே செல்லும் பழைய வழி அச்சீமையினூடே சென்றது என்பது ஒரு காரணம். அது நான் பிறந்து வளர்ந்த சீமை என்பது மற்றொன்று. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாக அமையும்வரை அவ்வூரே வட ஆற்காட்டின் தலைநகராக விளங்கிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி மட்டும் இப்பக்கம் திரும்பிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இம்மாற்றங்களுக்கிடையே எங்கள் குடும்பத்தார் வாசற்படியைத் தாண்டாமலே அயல் மாநிலத் தமிழராயினர். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நீங்கள் இரயிலேறிச் சென்று பெற்ற பட்டத்தை நாங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே பெற்றுக்கொண்டோம்!

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அமெரிக்காவில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்திரண்டு. அதற்குமுன் ஆகாய விமானத்தில் ஏறியவரல்லர். ரேணிகுண்டாவில் விமானம் ஏறித் தில்லிக்கு வந்து, அன்றிரவே அங்கிருந்து அயல்நாட்டு விமானத்தில் ஏறிவிடலாம் என்று நான் திட்டம் வகுத்தேன். அம்மா அதனை ஏற்கவில்லை. “ஒரே நாளில் இரண்டு தடவை வானத்தில் ஏற நான் என்ன கருடனா?” என்று கேட்டுவிட்டார். பின்னர்ப் பஞ்சாங்கம் பார்த்து, ஒரு நல்ல நாளில் இரண்டு புடவையும் ஒரு பிடி மஞ்சளரிசியும் வைத்துக் கட்டிய சிறு மூட்டையை எதிர்வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தார். நான் தொலைபேசியில், “எப்போது கிளம்புகிறாய் அம்மா?” என்று கேட்டதற்கு, “மூட்டை எதிர்வீட்டுக்குப் போய் மூன்று நாளாகிறது. நான் கிளம்பினவள்தான் அப்பா” என்றார்.

இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். உங்களில் மூத்தோர் அறிந்திருப்பீர்கள். நல்ல நாளில் புறப்பட இயலாதபோது, பிரயாண மூட்டையையேனும் அந்நாளில் வீட்டைவிட்டு வெளியேற்றி, அயல்வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ வைத்துவிடுவது ஒரு முறை. தாமே வீட்டைவிட்டு வெளியேறி, ஊர்ப்புறத்தில் ஓரிரவு தங்கிப் பின் வழிநடப்பது மற்றொரு முறை. கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற நான் இதனை நாளும் கோளும் பார்க்கும் பழக்கத்தின் மிச்சம் என்றே எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணியதில் பாதி பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

அவர் பெயர் ஏனுகுல வீராசாமையா. சென்னையில் வாழ்ந்த தெலுங்கர். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் அறிந்தவர். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக, அதாவது வழக்காடுவோர் மொழியை நீதிபதிக்கும் நீதிபதியின் மொழியை வழக்காடுவோருக்கும் எடுத்துரைப்பவராக, தலைமைப் பதவி வகித்தவர். அவர் 1830ஆம் ஆண்டு காசி யாத்திரை புறப்பட்டார். தாம் கண்டதையும் கேட்டதையும் வழியிலிருந்தே கடிதமாக எழுதித் தம் நண்பராகிய கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளைக்கு அனுப்பிவந்தார். அவற்றைப் பிள்ளையவர்கள் திரட்டி 1838இல் அச்சேற்றினார். ‘காசி யாத்திரைச் சரித்திரம்’ என்னும் அத்தெலுங்கு நூலைப் பின்னர் 1941இல் திகவல்லி வேங்கட சிவராவ் குறிப்புகளுடன் பதிப்பித்தார். மைய அரசின் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, அதே தொழிலில் இருந்த ஒருவர் பதினைந்து மாதங்களுக்கு மேலாக விடுப்புப் பெற்று ஊர் சுற்றினார் என்பதே பெரும் வியப்பு. எங்களுக்குப் பதினைந்து நாள் கிடைப்பதே அரிது.

அந்நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். 1830 மே 18ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பது மணிக்கு அவர் தண்டையார்பேட்டையிலுள்ள தம் இல்லத்தைவிட்டுப் புறப்படுகிறார். அன்றிரவு சென்று சேர்ந்த இடம் மாதவரம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மைல்! காசிக்கும், அங்கிருந்து கயைக்கும் கல்கத்தாவுக்கும், பின்னர்க் கடற்கரை வழியாகப் பூரி ஜகந்நாதத்துக்கும் சென்று 1831 செப்டம்பர் 3ஆம் நாள் வீடு திரும்பியவர், முதல் நாளில் கடந்த தொலைவு ஐந்து மைல். (செவ்வாயன்று வடக்கே சூலம் என்பது பஞ்சாங்க விதி. அவர் சென்ற திசையோ வடமேற்கு. நீதிமன்றத்தில் பணியாற்றியவர் அல்லவா, விதிக்கு இடுக்கு இருப்பதை அறிந்திருப்பார்!)

ஐந்து மைலில் நின்றதற்குப் பஞ்சாங்கம் மட்டுமே காரணம் அன்று. அவருடன் சென்றவர்கள் ஏறத்தாழ நூறு பேர். குடும்பத்துப் பெண்டிர், சமையற்காரர், பல்லக்குச் சுமப்போர், மூட்டை சுமப்போர் எனப் பலரும் அதிலிருந்தனர். இத்தனை பேர் கொண்ட கூட்டம் முதல் நாளில்தான் ஒரு கூட்டமாக இயங்கக் கற்றுக்கொள்ளும். எந்தப் பெட்டி கனம் மிகுதி, எவன் தோள் தாங்காது, எந்தப் பாத்திரம் விடுபட்டுப்போயிற்று என்பதெல்லாம் முதல் தங்கலில் தெரிந்துவிடும். ஐந்து மைல் தொலைவில் இருந்தால் ஓர் ஆளை அனுப்பி மறந்த பொருளை எடுத்துவரச் செய்யலாம். ஐம்பது மைல் கடந்த பின் முடியுமா? உடல் நலமில்லாதவரைத் திருப்பியனுப்பவும் அதுவே தக்க இடம். மேலும் அது கத்திரி வெயிற் காலம். பகலில் படுத்து, இரவில் நடப்பது என்னும் புதுப் பழக்கத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளவும் ஓரிரு நாள் வேண்டும். மூன்று நாள் எதிர்வீட்டுக் கூடத்தில் இருந்த அம்மாவின் மூட்டை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வீராசாமையாவின் குறிப்புகளில் நான் மிகவும் விரும்பிப் படிப்பது அவற்றின் சிறு செய்திகளைத்தான். ஒவ்வொரு தங்கலிலும் பாதை மணலா கல்லா, நிழல் உண்டா, கிணற்று நீர் எப்படி, கடைகளில் என்ன கிடைக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். பின்னே வரும் வழிப்போக்கனுக்கு எது தேவை என்று அறிந்து எழுதியவர் அவர்.

அக்காலத்தில் சென்னையிலிருந்து திருப்பதிக்கு எண்பது தொண்ணூறு மைல் வழி. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வீதம் நடந்தால் ஒரு வாரம். அவ்வளவு தொலைவுக்கும் சத்திரங்கள் இருந்தன. திருவள்ளூரைக் கடந்து திருத்தணிக்குச் செல்லும் சாலையில் இன்றும் கனகம்மாசத்திரம் என்று ஓர் ஊர் உண்டு. சத்திரம் கட்டிய அம்மையாரின் பெயரே ஊரின் பெயராயிற்று. மன்னர் பெயர் தாங்கிய ஊர்களைப் பற்றி நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். வழிநடையில் களைத்தவருக்கு ஒரு திண்ணையும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்து, அதனால் ஊருக்கே பெயரானவரைப் பற்றி எழுதியது குறைவு.

முதல் நாளைச் சிறியதாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் ஓரிடத்தில் அழியாமல் இருக்கிறது. புரட்டாசித் திங்களில் சென்னைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலைக்குத் திருக்குடைகள் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். மக்கள் கடல்போல் திரண்டிருக்க, யானைக்கவுனியைக் குடைகள் கடக்கும். அவ்வளவு ஆரவாரத்துடன் புறப்பட்ட ஊர்வலம் முதல் இரவு தங்குவது எங்கே? அயனாவரத்தில். நகரத்தின் எல்லையைக்கூடத் தாண்டுவதில்லை. அடுத்து வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருவள்ளூர் என்று தங்கித் தங்கியே திருமலை சேரும். இரயிலும் மோட்டாரும் வந்த பின்னும் குடைகள் தம் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

வீராசாமையா திருப்பதிக்குச் சென்றபோது கோயில் நிருவாகம் கிழக்கிந்தியக் கும்பினியார் கையில் இருந்தது. 1801 முதல் 1843 வரை அவர்கள் அதனை நடத்தினர். வட ஆற்காட்டுக் கலெக்டர் மேற்பார்வை செய்தார். ஆகவே, அடியார்கள் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டுவந்த காணிக்கையின் கணக்கைச் சித்தூரிலிருந்து பார்த்தார்கள். 1843இல் நிருவாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது. 1933 முதல் தேவஸ்தானக் குழுவினிடம் வந்தது. அந்த வரலாறு பெரிது. நம் பொருளுக்கு இவ்வளவு போதும்.

மலைமேல் ஏறும் வழி மட்டும் யாருடைய ஆட்சியிலும் எளிதாக இல்லை. அலிபிரியிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். முடியாதவர்கள் டோலியில் சென்றனர். அவ்வழியில் ஒரு செங்குத்தான ஏற்றத்துக்குத் தெலுங்கில் ‘மோகாள்ள மெட்டு’ என்று பெயர். தமிழில் முழங்கால் முறிச்சான். ஆதிசேடனே மலையாக இருப்பதால் அதன்மேல் கால் வைக்க அஞ்சிய உடையவர் முழங்காலாலேயே ஏறினார் என்பது மரபு. 1944 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் முதல் மலைச்சாலையைத் திறந்துவைத்தார். 1974இல் இரண்டாம் சாலை வந்தது. அதன் பின்னும் மக்கள் படியேறுவதை விடவில்லை. அம்மா தம் எழுபத்திரண்டாம் வயதிலும், அமெரிக்கா புறப்படுமுன், முழங்கால் முறிச்சான்வரை நடந்து போய்விட்டுத்தான் பேருந்தைத் தேடினார். காணிக்கை நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, திரும்பி வந்து செலுத்துவதாக வேண்டிக்கொண்டதும் அப்போதுதான்.

இனி இரயிலுக்கு வருவோம். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பிரயாணிகள் இரயில் ஓடிற்று. வடமேற்குப் பாதை அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை என்று முன்னேறி, 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. சென்னையிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் வண்டியில் சென்ற நம் மக்களுக்கு ரேணிகுண்டா வெறும் கூடல் நிலையமாக இருந்ததில்லை. வண்டியின் இடப்புறம் திருமலைத் தொடர் தெரியும். இருந்த இடத்திலேயே கைகூப்பிக் கோவிந்தா என்பார்கள். தமிழ் விளம்பரப் பலகைகள் அத்தோடு முடிந்தன. கட்டுச்சோற்றை அவிழ்ப்பதும் அங்கேதான். பம்பாய்க்கு ஓரிரவும் ஒரு பகலும் இன்னும் இருந்தாலும், ஊரைப் பிரிந்தோம் என்பது நெஞ்சில் உறைப்பது அந்த ரேணிகுண்டாவில். வீராசாமையாவின் மாதவரம் எழுபது எண்பது மைல் முன்னே நகர்ந்துவந்து இரயில் நிலையமாயிற்று என்று சொல்வேன்.

இவ்வளவும் தம் விருப்பத்தால் புறப்பட்டவர்களின் கதை. விருப்பம் இருந்தமையால் அவர்கள் நின்று செல்ல முடிந்தது. நின்று செல்லும் உரிமையே இல்லாமல் புறப்பட்டவர்களும் அதே மண்ணில் இருந்தனர்.

1860 அக்டோபர் 13ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக அந்நாட்டிற்குச் சென்ற முதற் கூட்டம் அது. நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. இடையே முப்பத்து நான்கு நாள் கடல். 1911இல் அம்முறை நிறுத்தப்படும்வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோரில் பெருந்தொகையினரை அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆற்காடு ஒன்று. அதன் தலைநகர் அப்போது சித்தூர் என்பதை மறவாதீர்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு உழைப்பதாகக் கைந்நாட்டு வைத்தவர், கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, கூலி டிப்போவில் அடைபட்டிருந்து, பின் கப்பலேறினார். பரஸ்தானம் பார்த்துப் புறப்பட அவருக்கு நாள் ஏது? நல்ல நாளைக் கப்பல்காரன் குறித்தான்.

அவர்கள் சித்தூர்ச் சீமையிலிருந்து எடுத்துச்சென்ற மூட்டை மிகச் சிறியதாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் புரட்டாசி அதில் இருந்தது. நேட்டாலில் நான்காம் ஐந்தாம் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் புரட்டாசித் திங்கள் முழுதும் புலால் நீக்கி, சனிக்கிழமைதோறும் கோவிந்தனை வழிபடுகின்றன. அவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. திருமலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் தெரியாதிருக்கலாம்.

ஆகாய விமானத்தின் முதற்காலமும் நின்று நின்று சென்ற காலமே. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். படத்தை விரித்துப் பெல்லாரிக்கும் சென்னைக்கும் நேர்க்கோடு ஒன்று இழுத்துப் பாருங்கள். திருப்பதியை ஒட்டியே அக்கோடு செல்லும். 1948 ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டபோதும் கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கி ஏறியது. அதில் சென்ற பிரயாணிகள் 35 பேர். நடந்து சென்றவனுக்குச் சத்திரம் போல, விமானத்திற்கு எண்ணெய் நிரப்பும் ஊர்கள் இருந்தன. கால் நீட்டவும், தரையைத் தொட்டு ஒரு வாய் காப்பி அருந்தவும் பிரயாணிக்கு வாய்ப்பிருந்தது. 1960இல் ஜெட் விமானங்கள் வந்தன. தங்கல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2021 ஜனவரியில் பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எங்கும் இறங்காமல், ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பறந்து கடந்தனர் விமானிகள். அது பொறியியலின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் இருக்கையில் அமர்ந்திருப்பவனை எண்ணிப் பாருங்கள். நிறுத்தமே இல்லாத நெடும் பிரயாணம் ட்ரூரோ கப்பலில் சென்றவர்களுக்கு விதிக்கப்பட்டது. இன்று நாம் அதனைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஒரே மனிதர் இவ்விரண்டு காலத்தையும் கண்டதுண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனபள்ளியில் பிறந்தவர். அவ்வூர் 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அவர் முதன்முதல் கடல் கடந்தது 1911இல். ஏப்ரல் 22ஆம் நாள் பம்பாயில் கப்பலேறி, இத்தாலியின் பிரிந்திசியில் இறங்கி, இரயிலில் ஐரோப்பாவைக் கடந்து மே 5ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். பதின்மூன்று நாள். அப்போது வயது பதினைந்து. 1986 ஜனவரி 10ஆம் நாள் இரவு, தொண்ணூறு வயதில், கடும் நோயுடன் அவர் சென்னையிலிருந்து விமானமேறினார். சிங்கப்பூர், டோக்கியோ வழியாக அமெரிக்கா செல்ல ஏறத்தாழ ஒரு நாள். புறப்படுமுன் அன்று மாலை அடையாற்றுக் கடற்கரையில் அவர் சிறிது தூரம் நடந்தாராம். பிப்ரவரி 17ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள ஓஹாயில் காலமானார். வாழ்நாள் முழுதும் ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர்.

இனி என் கதைக்கு வருகிறேன். அம்மா திருப்பதியில் இரயிலேறி, இரண்டு இரவு கழித்துத் தில்லியில் இறங்கினார். எங்கள் குடியிருப்பில் நான்கு நாள் தங்கினார். முதல் நாள் களைப்பாறினார். இரண்டாம் நாள் மூட்டையை அவிழ்த்து, புளிக்காய்ச்சல் குப்பி ஒழுகுவதைக் கண்டு வேறு குப்பியில் மாற்றினார். மூன்றாம் நாள் இரத்த அழுத்த மருந்து சித்தூரிலேயே தங்கிவிட்டது தெரியவந்தது. தில்லியில் வாங்கிக்கொண்டோம். நான் வகுத்த திட்டப்படி நடந்திருந்தால் அம்மருந்து நினைவுக்கு வருவது பசிபிக் பெருங்கடலின்மேலாக இருந்திருக்கும். நான்காம் நாள் அவர் பகலில் சிறிது உறங்கிப் பழகினார். “ராத்திரி முழுக்க உட்காரணுமாமே” என்பதுதான் காரணம்.

விமானம் நள்ளிரவுக்கு மேல் புறப்பட்டது. அலுவலகத்திலிருந்து மாலையில் ஓடிவந்து, உடை மாற்றி, வரிசைகளில் நின்று ஏறியவன் நான். முதல் மூன்று மணி நேரம் பெருமையாகவே இருந்தது. பிறகு முழங்கால் எதிர் இருக்கையில் இடித்தது. கழுத்தை எப்பக்கம் சாய்த்தாலும் வலித்தது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கடல் மட்டத்துக்குரியதாக இராது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்தையே அங்கு வைப்பர். திருமலையின் உயரம் மூவாயிரம் அடிக்கும் குறைவு. ஆக, பதினைந்து மணி நேரம் திருமலையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். காற்றில் ஈரமும் மிகக் குறைவு. தொண்டை வறண்டு, உதடு வெடித்து, கால் வீங்கிற்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து செல்லும் பிரயாணத்தில் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. எழுந்து நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இடைவழிக்கும் எனக்கும் நடுவே இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். முழங்கால் முறிச்சான் என்னும் பெயரை நம் முன்னோர் அவசரப்பட்டு மலைக்குக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றிற்று.

அம்மாவோ இடைவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தார். ஒன்றரை மணி நேரத்துக்கொருமுறை எழுந்து, கடைசிவரை நடந்து, திரும்பி வந்தார். ஒவ்வொரு முறையும் பின்புறம் நின்ற பணிப்பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்களோ, துபாஷியாகிய என்னை இருவருமே நாடவில்லை. விமானத்தார் கொடுத்த உணவில் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து, “இன்னும் எத்தனை சத்திரம் இருக்கிறது?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். “அதுதான் உனக்குக் கஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கிய பின் நான் ஒரு வாரம் நள்ளிரவில் விழித்து நண்பகலில் உறங்கினேன். பன்னிரண்டு மணிக்கும் மேற்பட்ட நேர வேறுபாட்டை உடம்பு நாளொன்றுக்கு ஒரு மணியளவே ஈடுசெய்யும் என்பர். அம்மாவும் அதற்குத் தப்பவில்லை. ஆனால் விழித்திருந்த நள்ளிரவுகளில் அவர் தங்கையின் சமையலறையை ஒழுங்கு செய்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பினோம். இம்முறை திட்டம் வகுத்தவர் அம்மா. தில்லியில் மூன்று நாள், பிறகு இரயில். விடுப்பு நீட்டிக்கப் பெற்று நானும் உடன் சென்றேன். ரேணிகுண்டாவில் வண்டி நின்றபோது விடிந்துகொண்டிருந்தது. மலைத்தொடரின்மேல் மேகம் படிந்திருந்தது. சித்தூருக்கு அங்கிருந்து இரண்டு மணி நேர வழிதான். வண்டி பேசிவைத்திருந்தேன். அம்மா கைப்பையைத் திறந்து மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வண்டிக்காரரிடம், “சித்தூர் நாளைக்குப் போகலாம் நாயனா. இன்றைக்குத் திருப்பதியில் இறக்கிவிடு” என்று தெலுங்கில் சொன்னார்.